கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையா? பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்

சப்பாத்தி, ரொட்டி சானாய் சாப்பிட்டால் அடிக்கடி வயிறு உப்புகிறதா? வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, உடல் மெலிவு நீடிக்கிறதா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ‘சீலியாக்’ நோயாகவும் இருக்கலாம். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், இந்நோய் உள்ளவர்களின் சிறுகுடலைப் பாதிக்கிறது. அதனால் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடலில் சரியாகச் சேர்வதில்லை.

இது குடும்பவழி வரக்கூடியது. ஒருவருக்கு இருந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களும் மருத்துவரைக் கேட்கட்டும்.

இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்; நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானால் கோதுமையை வாழ்நாள் முழுதும் தவிர்க்க வேண்டும். சோறு, இட்லி, கேழ்வரகு, மீஹூன் சாப்பிடலாம். பெருங்காயத்தூளிலும் சோயா சாஸிலும் கோதுமை கலந்திருக்கலாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் சாம்பார் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.