சந்தைச் சுங்கமும் நகராட்சித் தீர்மானமும்

காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்கு ஓட்டு ஊராட்சியில் இருக்கிறது; விற்பனையோ நகராட்சியில் நடக்கிறது. அரை ஏக்கரில் கத்தரியோ வெண்டையோ வைத்திருப்பவர் விடியற்காலை முதல் பஸ்ஸில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறார். அங்கே சந்தை வாசலில் எவ்வளவு சுங்கம் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் மூட்டையை இறக்க வேண்டும், மழை பெய்தால் ஒதுங்கக் கூரை உண்டா, பழைய சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அவருக்கு ஓர் அடி இடமாவது மிஞ்சுமா என்பதையெல்லாம் அவர் ஓட்டுப் போடாத ஒரு மன்றம் முடிவு செய்கிறது. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொள்வதில் காட்டும் அக்கறையில் கால் பங்கையாவது விவசாயப் பெருமக்கள் இதிலும் காட்டுவது அவசியமாகும்.

சந்தை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"ஏம்மா, மூட்டைக்கு இருபது ரூபா எடு."

"போன வாரம் பத்துதானே வாங்கினீங்க தம்பி?"

"புது ஏலம்மா. ரேட்டு ஏறிப்போச்சு."

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. தாமதமானால் மண்டியில் விலை இறங்கிவிடும். ரசீது கேட்பதற்கு நேரமில்லை. ஏலம் ஏறினால் சுங்கம் தானாக ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது தவறு.

ஏலம் வேறு, கட்டணம் வேறு

நகராட்சிக்குச் சொந்தமான தினசரிச் சந்தை, வாரச் சந்தை, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றில் கட்டணம் வசூலிக்கும் உரிமை பெரும்பாலும் ஏலம் அல்லது டெண்டர் மூலம் குத்தகைக்கு விடப்படுகிறது. யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவருக்கு உரிமை போகும். ஆனால் மூட்டைக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற கட்டண விகிதத்தைக் குத்தகைதாரர் நிர்ணயிக்க முடியாது. அது நகராட்சி முடிவு செய்து கொடுப்பது. குத்தகை நிபந்தனைகளோடு இணைக்கப்படுவது. குத்தகைத் தொகை இரட்டிப்பானாலும், விகிதம் மாற்றப்படாதவரை மூட்டைக்குப் பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாய்தான்.

பின் ஏன் இருபது கேட்கிறார்கள்? கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு உதாரணத்துக்கு, ஒரு தினசரிச் சந்தையின் சுங்கம் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் 8,200 ரூபாய் ஆகிறது. வசூலுக்கு நான்கு ஆள் நிறுத்தினால் கூலி 2,000 ரூபாய். ஆக, நாளுக்கு 10,200 ரூபாய் வந்தால்தான் குத்தகைதாரருக்குக் கையைக் கடிக்காது. சந்தைக்கு நாள்தோறும் 400 மூட்டை வருகிறது. பத்து ரூபாய் வீதம் 4,000. வண்டி, தரைக்கடை எல்லாம் சேர்ந்து 2,000. மொத்தம் 6,000. துண்டு விழுவது 4,200 ரூபாய். இதை அந்த 400 மூட்டைமேல் பங்கிட்டால் மூட்டைக்குப் பத்தரை ரூபாய். ஆகப் பத்து இருபதான காரணம் இதுதான். இன்னும் லாபம் கணக்கில் வரவில்லை.

ஏலத்தில் இந்த ஆண்டு வரலாறு காணாத வருமானம் என்று மன்றத்தில் மேஜையைத் தட்டுவார்கள். நகராட்சிக்கு வருமானம் வேண்டியதுதான். தெருவிளக்கும் துப்புரவும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் கட்டண விகிதமும் சந்தைக்கு வரும் சரக்கும் மாறாமல் இருக்க, குத்தகைத் தொகை மட்டும் துள்ளி ஏறினால், அந்த வித்தியாசத்தைச் சுமக்கப்போவது தலைச்சுமை விவசாயிதான் என்பது மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

மூட்டைக்குப் பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடவும் கூடாது. கத்தரி பறிப்பு நான்கு மாதம், வாரம் மூன்று நடை, நடைக்கு இரண்டு மூட்டை என்றால் கூடுதலாகக் கொடுப்பது ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்தில் 45 கிலோ யூரியா மூட்டை மூன்று வாங்கி மீதியும் இருக்கும்.

மன்றம் எப்படி முடிவெடுக்கிறது?

வார்டுதோறும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் கூடியதே நகர்மன்றம். தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குப் பதிலாக, 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் வேலை நடக்கும் வழி பெரிதாக மாறவில்லை. அலுவலகம் ஒரு பொருளைத் தயாரித்து மன்றத்தின் முன் வைக்கும். மன்றம் தீர்மானம் நிறைவேற்றும். ஆணையர் அதைச் செயல்படுத்துவார்.

ஒரே கூட்டத்தில் ஐம்பது, நூறு பொருள்கள் வருவதுண்டு. குழாய் பழுது, சாக்கடை, பள்ளிக் கட்டடம் இவற்றுக்கு நடுவே சந்தைக் குத்தகையும் ஒரு பொருளாக வந்து, இரண்டு நிமிடத்தில் "மன்றம் அனுமதிக்கிறது" என்று முடிந்துவிடும். எதிர்ப்பு இருந்தால் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர் காதில் விழுந்திருக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பிறகு சந்தை வாசலில் சத்தம் போட்டுப் பயனில்லை.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் பெரும்பாலான குத்தகைகளும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றே விடப்படுகின்றன. ஏல அறிவிப்பு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும். ஆகவே விவசாயிகள் மனுக் கொடுக்கத் தகுந்த பட்டம் மார்கழி, தை. சித்திரையில் கொடுக்கும் மனு அறுவடைக்குப் பின் இட்ட மேலுரம் போன்றது.

புதுக் கட்டடம் வரும்போது

சுங்கத்தைவிடப் பெரிய ஆபத்து சந்தையைப் புதுப்பிக்கும் திட்டத்தில் இருக்கிறது. ஓட்டுக் கூரையும் சேறும் சகதியுமாக இருக்கும் பழைய சந்தையை இடித்துக் கான்கிரீட்டில் கட்டுவது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் விவசாயி இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கடைகளுக்கு மாத வாடகை வருகிறது, ஏலத்தில் முன்பணம் வருகிறது. தரையில் கூடை வைத்து இரண்டு மணி நேரம் விற்றுவிட்டுப் போகிறவரால் வருமானம் சொற்பம். எனவே கடை எண்ணிக்கையைக் கூட்டத் தரை இடத்தைச் சுருக்குவது இயல்பாக நடந்துவிடுகிறது. முதல் மாடியில் கடை கட்டிவிட்டு "விவசாயிகளுக்கு அங்கே இடம்" என்பார்கள். தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறி வாங்க எந்த வாடிக்கையாளரும் வருவதில்லை.

வரைபடம் மன்றத்துக்கு வரும் முன்பே கேட்க வேண்டியவை சில. விவசாயிகளுக்கென்று தரைமட்ட மேடை எத்தனை அடி? மினி லாரி பின்னோக்கி வந்து இறக்கித் திரும்பும் அகலம் உண்டா? மழைநீர் வடிய வாட்டம் எந்தப் பக்கம்? கீரை கழுவத் தண்ணீர்த் தொட்டி உண்டா? அதிகாலை மூன்று மணிக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பிடமும் விளக்கும் உண்டா? வேலை நடக்கும் ஓராண்டு, இரண்டாண்டுக்குத் தற்காலிகச் சந்தை எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தற்காலிக இடம் பஸ் போகாத மூலையில் அமைந்தால் பழகிய வாடிக்கை கலைந்துவிடும். புதுக் கட்டடம் வந்த பிறகும் அது திரும்பாது.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி ஓர் எடுத்துக்காட்டு. நகருக்குள் நெரிசலில் இயங்கும் காந்தி சந்தையின் மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோகும் நோக்கத்தோடு, மதுரை சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய்ச் செலவில் ஆயிரம் கடைகளோடு மத்திய காய்கறிச் சந்தை கட்டப்பட்டு 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இது மாநில வேளாண் விற்பனைத் துறையின் பொறுப்பில் நடந்த பணி. கடைகள் மிகச் சிறியவை, நகரிலிருந்து தொலைவு அதிகம் என்று கூறி வியாபாரிகள் இடம் மாற மறுத்தனர். வியாபாரி இல்லாத சந்தைக்கு விவசாயி சரக்கைக் கொண்டுபோக மாட்டார். சரக்கு இல்லாத இடத்துக்கு வியாபாரி வர மாட்டார். பெரும்பாலான கடைகள் நெடுநாள் பூட்டியே கிடந்தன. கடையின் அளவைப் பற்றி நான்கு மண்டிக்காரரையும் வண்டி வாடகை பற்றி நான்கு விவசாயிகளையும் செங்கல் அடுக்கும் முன் கேட்டிருந்தால் இந்த நிலை வந்திராது.

மாறாக, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதலாவதாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தில் குத்தகையும் இல்லை, சுங்கமும் இல்லை. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடையும் தராசும் இலவசம். ஆனால் அங்கும் இடத் தேர்வு, பஸ் நிறுத்தம், குடிநீர், குப்பை அகற்றுதல் ஆகியவற்றில் உள்ளாட்சியின் ஒத்துழைப்பு தேவை. பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் உழவர் சந்தை நன்றாக நடக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் அமைந்தவை பல இடங்களில் சோர்ந்துவிட்டன.

தெருவோரம் விற்பவர்கள்

கீரைக்கட்டையும் முருங்கையையும் தெருவோரம் வைத்து விற்கும் பெண்கள் 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நகராட்சி கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்று வழங்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும். பழைய காலமாகக் கூடிவரும் இயல்பான சந்தை இடத்தை விற்பனை தடை செய்த பகுதியாக அறிவிக்கக் கூடாது. பறிமுதல் செய்தால் பொருள்களின் பட்டியல் தயாரித்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், கட்டணத்தைச் செலுத்திக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சான்று பெறுபவர் தமக்கு வேறு பிழைப்பு வழி இல்லை என்று உறுதி கூற வேண்டும். நிலம் உள்ள விவசாயிக்கு இது இடிக்கும். நிலமற்ற, வாங்கி விற்கும் கூலிப் பெண்ணுக்கு இடையூறில்லை. ஆகவே நிலம் உள்ளவர்கள் சான்றை நம்பியிராமல், சந்தைக்குள்ளேயே விவசாயிகளுக்கென்று இடம் ஒதுக்கக் கேட்பதே சரியான வழி.

டவுன் குப்பை வயலுக்கு வரும்போதும் கவனம் தேவை. நகராட்சி உரக் கூடங்களில் கிடைக்கும் கம்போஸ்ட்டைப் பரிசோதனை முடிவைப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரிமம் தழைச்சத்து விகிதம் 20க்கு மிகாமலும், அங்ககக் கரிமம் 12 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கிலோவுக்குக் காரீயம் 100 மில்லி கிராமையும் காட்மியம் 5 மில்லி கிராமையும் தாண்டக் கூடாது. கையில் அள்ளிப் பார்த்துக் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் தென்பட்டால் இலவசமானாலும் வேண்டாம்.

செய்ய வேண்டியது

முதல் வேலை, அங்கீகரித்த கட்டண விகிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், வெள்ளைத் தாளில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். "சந்தைக் குத்தகை தொடர்பான மன்றத் தீர்மானம், கட்டண விகிதப் பட்டியல், குத்தகை நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல்" என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது, தங்கள் கிராம சபை. ஜனவரி 26 கூட்டம் ஏல காலத்துக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. "எங்கள் ஊர் விவசாயிகள் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுவரும் விளைபொருளுக்குச் சுங்க விலக்கு வேண்டும், கட்டணப் பலகை வைக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டு நகராட்சிக்கு அனுப்பலாம். அது நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சுற்றியுள்ள ஐந்தாறு ஊராட்சிகளிலிருந்து ஒரே மாதிரித் தீர்மானம் வந்தால் அலுவலகம் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சந்தை அமைந்துள்ள வார்டு உறுப்பினரிடம் நேரில் ஒரு நகல் கொடுப்பது நல்லது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதை எழுப்பலாம்; அங்கே பாசனமும் உரமும் பேசப்படும் அளவுக்குச் சந்தை பேசப்படுவதில்லை.

மூன்றாவது, ரசீது. ஒருவராகக் கேட்டால் வரிசையில் தள்ளிவிடுவார்கள். ஒரே பஸ்ஸில் வரும் பத்துப் பேரும் கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் தேதி, மூட்டை எண்ணிக்கை, வாங்கிய தொகை மூன்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். ஒரு மாதக் குறிப்பை, கட்டண விகிதப் பட்டியலின் நகலோடு சேர்த்து ஆணையருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம்.