இரட்டைக் கட்டடம் சொன்ன விடை

சித்திரை மாதப் பிற்பகலில் உங்கள் பள்ளியின் மேல்மாடி வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மின்விசிறி முழு வேகத்தில் சுழலும். ஆனாலும் தலைமேல் அனல் இறங்கும். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரைதான் இதற்குக் காரணம்.

இராஜபாளையத்தில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி வருகிறார். "எங்கள் வெள்ளைப் பூச்சைக் கூரைமேல் அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெப்பமும் குறையும், கரண்டு பில்லும் குறையும்" என்கிறார். ஏப்ரல் கடைசியில் பூச்சு அடிக்கிறார்கள். ஜூன் மாதம் வகுப்பறை குளுமையாக இருக்கிறது. பில்லும் குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் ஒரு மாணவி எழுந்து கேட்கிறாள்: "சார், மே மாதம் முழுவதும் நமக்கு விடுமுறை. ஜூனில் மலைப்பக்கமிருந்து சாரல் காற்று வந்துவிட்டது. அப்படியானால் பில்லைக் குறைத்தது பூச்சா, விடுமுறையா, காற்றா?"

நல்ல கேள்வி அல்லவா? பூச்சு அடித்த பிறகு பில் குறைந்தது என்பதால், பூச்சினால்தான் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சோதிக்கும்போது மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்ளலாம். பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் போன்ற கட்டடங்களில் அது நடக்காது. வானிலை மாறும். ஆட்கள் கூடுவார்கள், குறைவார்கள். ஒருவர் சன்னலைத் திறப்பார், இன்னொருவர் மூடுவார். இவற்றுக்கு நடுவே புதிய தொழில்நுட்பத்தின் பலனை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது?

ஐதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் இதற்கு ஓர் அருமையான வழி கண்டது. 2011இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்த ஓர் அலுவலகக் கட்டடம் இரண்டு சரிபாதிகளாக அமைக்கப்பட்டது. ஒரு பாதியைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி இருக்கும் மறு பாதி. அதே அளவு, அதே சுவர், அதே சன்னல். வெளியே அடிக்கும் வெயிலும் ஒன்றே. குளிரூட்டும் முறை மட்டும் வேறு.

முதல் பாதியில் வழக்கமான முறை. காற்றைக் குளிர்வித்துக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய்களைப் புதைத்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். தளம் குளிர்கிறது. நம் உடலும் கணிப்பொறியும் வெளிவிடும் வெப்பத்தைக் குளிர்ந்த தளம் வாங்கிக்கொள்கிறது. இதற்குக் கதிர்வீச்சுக் குளிர்விப்பு என்று பெயர்.

இதில் மின்சாரம் எப்படி மிச்சமாகிறது? ஒரு லிட்டர் நீர், அதே கன அளவுள்ள காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே பெரிய விசிறிகளைச் சுழற்றி ஏராளமான காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக, சிறிய பம்பு கொண்டு கொஞ்சம் நீரை ஓட்டினால் போதும். நீரும் அவ்வளவு சில்லென்று இருக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தளம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், ஈரக் காற்று பட்டு அதேபோல் கூரையிலிருந்து நீர் சொட்டும். எனவே உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முதலில் நீக்கியாக வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் நம் ஊரில் இதைச் செய்வதானால் இன்னும் கவனம் தேவை.

இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியே மீட்டர் பொருத்தி அளந்தார்கள். குளிரூட்டுவதற்கு ஆன மின்சாரம், கதிர்வீச்சு முறையில் சுமார் 34 சதவீதம் குறைவு! கட்டுமானச் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முக்கியமான செய்தி ஒன்று: வழக்கமான முறையையும் அவர்கள் ஏனோதானோவென்று அமைக்கவில்லை. அதையும் நன்றாகவே அமைத்துத்தான் போட்டிக்கு விட்டார்கள். பலவீனமானவனைத் தோற்கடித்துவிட்டு வெற்றி என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதே ஒப்பீட்டை நீங்களும் செய்யலாம். மேல்மாடியில் ஒரே அளவுள்ள இரண்டு வகுப்பறைகளைத் தேர்ந்தெடுங்கள். பூச்சு அடிப்பதற்கு முன்பே ஒரு வாரம், தினமும் மாலை 3 மணிக்கு இரண்டிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியரிடம் சொல்லி, ஓர் அறையின் கூரைக்கு மட்டும் ஆட்களைக் கொண்டு வெள்ளை அடிக்கச் செய்யுங்கள். (நீங்களாகக் கூரைமேல் ஏற வேண்டாம்.) மீண்டும் ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

முன்பு முதல் அறையில் சராசரி 36 டிகிரி, இரண்டாம் அறையில் 35 டிகிரி என்று கொள்வோம். முதல் அறைக்கு வெள்ளை அடித்தபின் அது 34, மற்றது 36. பூச்சு எவ்வளவு குறைத்தது? 36லிருந்து 34 ஆனதால் 2 டிகிரி என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். முன்பு முதல் அறை 1 டிகிரி கூடுதலாக இருந்தது. இப்போது 2 டிகிரி குறைவாக இருக்கிறது. ஆக, பூச்சின் பலன் 3 டிகிரி. வெள்ளை அடிக்காத அறை இல்லாவிட்டால், அந்த வாரம் வெயில் ஏறியதே நமக்குத் தெரிந்திருக்காது!

அடுத்த கோடையிலும் அளக்க மறக்காதீர்கள். தூசி படிந்தால் வெண்மை மங்கும், பலனும் குறையும். ஒரு கூரையில் செய்த தவறு ஒரு பள்ளியின் பணத்தோடு போய்விடும். அதையே ஆயிரம் அரசுக் கட்டடங்களில் செய்தால் மக்களின் வரிப்பணம் வீணாகும். மிச்சமாகும் என்று நம்பிய நிலக்கரியும் எரிந்துகொண்டே இருக்கும்.

வியாபாரி அடுத்த முறை வரும்போது, "எத்தனை டிகிரி குறையும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதனோடு ஒப்பிட்டு அளந்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.