இருட்டில் வளரும் பயறு ஏன் நெட்டையாகிறது?

கண் துளைத்த இரண்டு கொட்டாங்குச்சிகளில் ஈரமண் போட்டு, இரவு ஊறவைத்த பாசிப்பயறை விதையுங்கள். ஒன்று ஜன்னலோரம், மற்றொன்று மூடிய அலமாரிக்குள். மண் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். நான்கைந்து நாளில் பாருங்கள், இருட்டில் இருந்ததுதான் உயரம்! ஆனால் வெளிறிய மஞ்சள், மெலிந்த தண்டு, விரியாத இலை. நிழலில் வளர்க்கும் முளைப்பாரி நெடுநெடுவென நிற்பதும் வெளிச்சம் குறைவதால்தான்.

ஏன்? வெளிச்சம் படாத முளை, இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. பருப்பில் சேமித்த உணவு தீருமுன் ஒளியை எட்டியாக வேண்டும். அதனால் இலைக்குச் செலவிடாமல் தண்டின் செல்களை நீட்டுகிறது. பச்சையம் முழுதாக உருவாகவும் ஒளி வேண்டும். ஒளி பட்டதும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் அதை உணர்ந்து, தண்டு நீள்வதை மட்டுப்படுத்துகிறது.

அந்த மஞ்சள் முளையை ஜன்னலோரம் மாற்றுங்கள். மறுநாளே பச்சை ஏறத் தொடங்கியிருக்கும்.