பாம்பு வீட்டுக்கு என்ன கதவு?

குட்டி நண்பர்களே, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே புற்று இருக்கிறது. "உள்ளே பாம்பு இருக்குமாம்மா?" என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்காத பிள்ளைகளே இருக்கமாட்டார்கள்!

புற்றைக் கட்டுவது கரையான். அதில் குடியேறுவது பாம்பு. 'கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல' என்று பாட்டி சொல்வாரே, அதேதான். அந்த வீட்டில் ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? வாசல் உண்டு, கதவு கிடையாது! வெயில் ஏறினால் பாம்பு ஆழத்துக்குப் போகும். குளிர்ந்தால் மேலே வரும். இடம் பிடிக்காவிட்டால் வேறு புற்று தேடிப் போய்விடும். கேட்பார் இல்லை!

ஆனால் பாம்புப் பண்ணையிலும் விலங்குக் காட்சிசாலையிலும் அப்படி விட முடியுமா? அங்கே கதவு வேண்டும். அதுவும் சாதாரணக் கதவு இல்லை. பாம்பு வெளியே வரக்கூடாது. காற்று உள்ளே போகவேண்டும். உள்ளே ஈரமும் சூடும் அளவாக இருக்கவேண்டும். நாம் பார்க்க வேண்டும். பாம்புக்கு அடிபடக் கூடாது. இத்தனை வேலையையும் ஒரே கதவு செய்யவேண்டும், பாவம்!

இடம் குறைவாக இருந்தால் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். அப்போது மூடியை மேலே வைக்க முடியாது. ஏன் என்கிறீர்களா? உங்கள் டிபன் கேரியரை நினைத்துப் பாருங்கள். அடித்தட்டில் இருக்கும் சோற்றை எடுக்க, மேலே உள்ள சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் இறக்கி வைக்கவேண்டும் அல்லவா? நாகப்பாம்பு இருக்கும் பெட்டியைத் தினமும் இப்படித் தூக்கி இறக்க யாருக்குத் தைரியம் வரும்? அதனால் அடுக்குப் பெட்டிகளுக்குக் கதவு முன்பக்கம்தான்.

சரி, எதில் செய்வது?

முதலில் கண்ணாடி. பளிச்சென்று தெரியும், எளிதில் கீறல் விழாது. குறை என்ன? கனம்! 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம், 4 மி.மீ. தடிமன் உள்ள ஒரு கண்ணாடிக் கதவு சுமார் 4 கிலோ இருக்கும். அதே அளவில் அக்ரிலிக் பலகை என்றால் 2 கிலோவுக்கும் குறைவு. மூன்று அடுக்கு வைத்தால் கண்ணாடிக் கதவுகள் மட்டுமே 12 கிலோ! உடைந்தால் கூரான சில்லுகள் வேறு. அதற்காகவே சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி இருக்கிறது. காரின் பக்கவாட்டு ஜன்னலில் இருப்பது அதுதான். உடைந்தால் கற்கண்டு போலச் சிறு சிறு துண்டுகளாக உதிரும். ஒன்று, அதைக் கடினமாக்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. பூட்டுக்குத் துளை வேண்டுமென்றால் முன்பே போட்டுவிட வேண்டும். மறந்தால், வேறு கண்ணாடிதான்!

அக்ரிலிக் லேசானது. வெப்பத்தைக் கண்ணாடி போலச் சீக்கிரம் வெளியே விடாது. ஆனால் இதற்கு எதையும் தாங்காத தோல்! சொரசொரப்பான காகிதத்தால் துடைத்தால் போதும், கோடு கோடாகக் கீறல். ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை பட்டால் மெல்லிய விரிசல்கள் விடும். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி என்றால் அப்பளம் போல வளையவும் செய்யும். வளைந்த இடத்தில் இடுக்கு! இடுக்கு என்றால் பாம்புக்கு வாசல்.

கம்பிவலை போடலாமே என்று தோன்றும். காற்று நன்றாக வரும். ஆனால் பாம்புக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே வழி என்று மூக்கால் முட்டி முட்டித் தேடும். கரடுமுரடான வலையில் மூக்கு உரசிப் புண்ணாகிவிடும். அதனால் வலையைப் பக்கவாட்டில் உயரத்தில் சின்ன ஜன்னலாக வைத்து, கதவை வழவழப்பாக வைப்பதே நல்லது.

மரக்கதவா? ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு உப்பி இறுகிக்கொள்ளுமே, தோளால் இடித்துத் திறப்பீர்களே! விரியன் இருக்கும் பெட்டியை அப்படி இடித்துத் திறந்தால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

கதவு எவ்வளவு முக்கியம் என்று காட்ட ஒரு நிஜக்கதை. 2022 அக்டோபர். ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரின் ஸ்கான்சென் அக்வேரியத்தில் ஒரு ராஜநாகம் புதிதாக வந்து சேர்ந்தது. சுமார் 2 மீட்டர் நீளம். சில நாள்களிலேயே அதைக் காணோம்! கதவு? பூட்டியபடியே இருந்தது. பின்னே எப்படி? பெட்டியின் மேலே இருந்த விளக்குதான் குற்றவாளி. முன்பு அங்கே கொதிக்கக் கொதிக்கச் சுடும் பல்பு இருந்தது. பாம்பு கிட்டவே போகாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, சூடாகாத பல்பை மாற்றினார்கள். விளக்குக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியே ராஜநாகம் நழுவிவிட்டது. அதுவரை அந்த இடுக்குக்குச் சூடுதான் கதவாக இருந்திருக்கிறது, பார்த்தீர்களா! அந்தக் கட்டடப் பகுதியை மூடிவிட்டு, எக்ஸ்ரே கருவி வைத்துச் சுவருக்குள் எல்லாம் தேடினார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து அது தானாகவே தன் பெட்டிக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. தப்பிக்கும் வித்தைக்காரர் ஹூடினியின் பெயரே அதற்குப் பட்டப்பெயரானது.

தலை நுழையும் இடத்தில் பாம்பின் உடலும் நுழையும். இதுதான் கதவு செய்பவர்கள் மறக்கக்கூடாத கணக்கு. நகைக்கடை ஷோகேஸில் இருப்பது போல இரண்டு கண்ணாடிகள் பக்கவாட்டில் நகரும் கதவைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் சந்து இருக்கும். பெரிய பாம்பால் முடியாது, குட்டி வெளியேறிவிடலாம். அந்தச் சந்தை மெல்லிய பட்டை ஒட்டி அடைக்கவேண்டும். ஷோகேஸ் பூட்டும் போடவேண்டும். கண்ணாடி நகரும் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் கதவு முழுதாக மூடாது. 'மூடிவிட்டது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்! பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்தப் பள்ளத்தை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும்.

நம் பகுதிப் போர் தண்ணீரில் கண்ணாடியைத் துடைத்தால் என்ன ஆகும்? குளியலறைக் குழாயில் படிகிறதே, அதே வெள்ளை உப்புக் கறை. வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தால் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, வாசனை போகும்வரை உலரவிட வேண்டும். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி முகர்கிற பிராணி ஆயிற்றே!

காற்றோட்டத்தின் அருமை தெரியவேண்டுமா? இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஒன்றை மூடியால் இறுக மூடுங்கள். இன்னொன்றின் வாயில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டுங்கள். அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். மூடிய பாட்டிலின் உட்புறம் முத்து முத்தாக நீர்த்துளிகள்! பாம்புப் பெட்டியில் இப்படி ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், தோலில் புண் வரும், மூச்சுக் கோளாறு வரும். மூடிய கண்ணாடிப் பெட்டி நேர் வெயிலில் இருந்தால் இன்னும் மோசம். பாம்புக்கு நம்மைப் போல வியர்க்காது. ஓடி ஒளிய நிழலும் இல்லாவிட்டால் செத்தே போகும். (அந்த பாட்டிலில் பல்லி, ஓணான் எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் மட்டும்தான்!)

துணி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரிலேயே துணியைக் கதவாக்கியவர்கள் இருக்கிறார்கள்! கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்டது. முன்பு இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேகர் துணையோடு அவர்கள் சங்கம் அமைத்தார்கள். இப்போது பாம்பைக் கொல்வதில்லை. விஷம் மட்டும் எடுக்கிறார்கள். அதைக் கொண்டுதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அப்படியானால் அந்த மருந்தின் மதிப்பு என்ன!

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகைகளையும் அவர்கள் வைத்திருப்பது எதில் தெரியுமா? மண்பானையில்! பானையின் வாயில் துணி போட்டு, கயிற்றால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். கோடையில் பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால். மண்ணும் துணியும் காற்றைத் தடுப்பதில்லை. உள்ளே இருட்டு, பாம்புக்குப் புற்றில் இருப்பது போலவே இருக்கும். சுமார் மூன்று வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

துணிக் கதவுக்கும் குறை உண்டு. நைந்த துணி, இற்ற கயிறு உதவாது. பாம்பின் பல் துணியைத் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே பாம்பு போட்ட துணிப்பையை யாரும் உடம்போடு அணைத்துத் தூக்கமாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. பானை மேல் பானை அடுக்கவும் முடியாது! என்னைக் கேட்டால், பாம்பு பார்க்கப்படுவதற்காக இருந்தால் கண்ணாடி, சில வாரம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போவதற்கு இருளர்களின் பானைதான்.

"நானும் ஒரு பெட்டி செய்து பாம்பு வளர்க்கட்டுமா?" என்று கேட்காதீர்கள். நம் நாட்டுப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் கிட்டே போகாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுவார்கள்.

கதவுகளைப் பார்க்கத்தான் ஆசை என்றால், 1972 முதல் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறதே! இது போன்ற இடங்களில் நாம் பார்க்கும் முன்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் திறக்காது. பராமரிப்பவருக்கான கதவு வேறு பக்கம் இருக்கும். அது எங்கே, காற்று எந்த வழியாக வருகிறது, பூட்டு எத்தனை என்று தேடிப் பாருங்கள். கண்ணாடியை மட்டும் தட்டாதீர்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லைதான். ஆனால் அதிர்வு அதன் உடம்பு முழுக்கத் தெரியும்.