ஒரு ஞாயிறு, கர்னாளா மலைக்கு!

1992-ஆம் ஆண்டு வரை ஹார்பர் லைனில் மான்குர்த்தான் கடைசி நிலையம். அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது, கழிமுகம்தான். அந்த ஆண்டு கழிமுகத்தின் மேல் ரயில் பாலம் திறந்தார்கள். வாஷிக்கு வண்டி ஓடியது. 1998-ல் பாதை பன்வேல் வரை நீண்டது. இன்று மான்குர்த்தில் ஏறுகிறவர், வண்டி மாறாமல் சுமார் முக்கால் மணி நேரத்தில் பன்வேலில் இறங்கலாம். அங்கிருந்து கோவா சாலையில் 12 கிலோமீட்டர் போனால் கர்னாளா மலை.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மவர்களில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பொதிகை மலையைப் பார்த்து வளர்ந்த நெல்லைக்காரர்கள் சீட்டா கேம்பிலும் மண்டாளாவிலும் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகள் பார்த்திருக்கும் ஒரே மலை தேவனார் குப்பை மலை! கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதில் மலையா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் முதல் நாளே கணக்குப் போட வேண்டும்.

கணக்கைக் கடைசியிலிருந்து போடுவதுதான் சரி. எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று யாரும் பேசுவதில்லை. மலையில் ஆட்கள் மாட்டிக் கொள்வது இதனால்தான்.

அடிவாரத்திலிருந்து கோட்டைக்கு ஏற, சாதாரணமாக நடப்பவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் அரை மணி சேர்த்துக் கொள்ளலாம். இறங்குவது சுலபம் என்று எண்ண வேண்டாம். முழங்காலுக்கு வேலை அப்போதுதான்; சறுக்கி விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான். எனவே இறங்கவும் அதே நேரத்தை ஒதுக்க வேண்டும். காலை ஆறு மணிக்குள் மான்குர்த்தில் ஏறினால், பன்வேல் எஸ்.டி. ஸ்டாண்டில் பேருந்து பிடித்து எட்டு மணிவாக்கில் அடிவாரம் சேரலாம். பேண், அலிபாக் போகும் பேருந்துகள் அந்த வழிதான். கர்னாளாவில் நிற்குமா என்று ஏறும் முன்பே கண்டக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. பதினொன்றரை மணி என்று ஒரு கெடு வைத்துக் கொள்ள வேண்டும். கோட்டை வந்தாலும் வராவிட்டாலும் பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டியதுதான். "இதோ தெரிகிறதே, இன்னும் பத்தே நிமிஷம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

ரயில் விஷயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்பர் லைனில் மெகா பிளாக் வருவது வழக்கம். வாஷிக்கும் பன்வேலுக்கும் இடையே அன்று வண்டி நின்றால், பெரும்பாலும் அது நடுப்பகலில்தான். சனிக்கிழமையே அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். மெகா பிளாக் இருந்தால், விடியற்காலையில் போய்விட்டு, பன்வேலில் நிதானமாகச் சாப்பிட்டு, மாலை வண்டியில் திரும்பலாம்.

முதுகெலும்பு போன்ற பாதை

கர்னாளா பறவைகள் சரணாலயம் 1968-ல் ஏற்பட்டது. கோட்டைக்குப் போகும் பாதை அதற்குள்ளேதான் தொடங்குகிறது. வாசலில் சீட்டு வாங்க வேண்டும். சரணாலயம் சாத்தும் நேரத்தையும் அங்கேயே கேட்டுக் கொள்ள வேண்டும். முதலில் மரநிழலில் ஏற்றம். பிறகு மலையின் முகட்டுக்கு வந்து, மாட்டின் முதுகெலும்பு போன்ற அந்த விளிம்போடு நடக்க வேண்டும். வெயில் ஏறியபின் அங்கே ஒதுங்க நிழல் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது இதனால்தான். மேலே பாறையில் குடைந்த பழைய தொட்டிகள் உண்டு. அந்தத் தண்ணீரை நம்பிப் போகக் கூடாது.

உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்தியது போல 100 அடிக்கும் மேலான ஒற்றைக் கருங்கல் தூண் நிற்கிறது. தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை அது. கயிறு கட்டி ஏறப் பழகியவர்களைத் தவிர மற்றவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. மலைத் தேனீக்கள் கூடு கட்டும் இடமும் அதுதான். புகை, கூச்சல், கல்லெறி மூன்றும் ஆகாது. வாசனைத் தைலமும் அன்றைக்கு வேண்டாம். தேனீக்கள் கிளம்பிவிட்டால் கையை வீசாமல், துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக் கொண்டு, விளிம்பை விட்டு விலகி வந்த வழியே இறங்க வேண்டும்.

இந்தக் கோட்டையை 1670-ல் சிவாஜி பிடித்தார். 1818-ல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதுவரை இங்கே கோட்டைத் தலைவராக இருந்தவரின் பேரன்தான் வாசுதேவ் பல்வந்த் பட்கே. 1845-ல் வழியிலுள்ள சிர்டோன் கிராமத்தில் பிறந்தவர். 1879-ல் ஆயுதம் ஏந்தி ஆங்கிலேயரை எதிர்த்தார். பிடிபட்டு ஏடன் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1883-ல் அங்கேயே உயிர் துறந்தார். பேருந்து சிர்டோனைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். புத்தகத்தில் படிப்பதைவிட மனதில் நிற்கும்.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெளியூர்ப் பறவைகளும் அப்போதுதான் வந்து தங்குகின்றன. நீண்ட வாலுடன் வேதிவால் குருவியும், துடுப்பு போன்ற வாலுள்ள கரிச்சானும் கண்ணில் படலாம். மழைக்காலத்தில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும். சீகாரப் பூங்குருவி பள்ளிக்கூடத்துப் பையனைப் போலச் சீட்டியடிக்கும். ஆனால் பாறையில் பாசி பிடித்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

ரப்பர் செருப்பு கூடாது. பழைய கான்வாஸ் ஷூ இருந்தாலும் போதும். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தாராளமாகக் கட்டிக் கொள்ளலாம். ஆனால் கையில் பையாக ஆட்டிக் கொண்டு போனால் குரங்குகள் பங்குக்கு வந்துவிடும். தோளில் மாட்டும் மூடிய பைதான் சரி. பாலிதீன் உறைகளை உள்ளே போட்டுவிட்டு வரக் கூடாது. மூட்டு வலி, இருதயக் கோளாறு உள்ளவர்கள் அடிவாரத்துக் காட்டுப் பாதையோடு நிறுத்திக் கொள்ளலாம். பறவைகள் அங்கேதான் அதிகம். அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

திரும்பும்போது ஒரு வசதி. பன்வேல், வண்டி புறப்படும் நிலையம். உட்கார இடம் கிடைக்கும். நடந்த அலுப்பில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். வாஷி தாண்டிப் பாலத்தின் மேல் வண்டி ஓடும் சத்தம் கேட்டதும் மற்றவர்களை எழுப்பாவிட்டால், கண் விழிப்பது குர்லாவில்தான்!