விமான இரைச்சல்: ஹெட்போன் எதை அடக்கும், எதை அடக்காது

சிவகங்கை மாவட்டத்தில் பயணிகள் விமானம் இறங்கும் இடம் இல்லை. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று பயன்பாடில்லாமல் கிடப்பதோடு சரி. காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் திருச்சிக்குக் கார் பிடிக்கிறார்கள். அங்கிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் வானத்தில். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் ஆடிப்போன தலைமுறைக்கு இதெல்லாம் ஒரு பயணமே இல்லை. ஆனால் மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போகும் ஆச்சிக்குச் சிங்கப்பூர் பாதி வழிகூட இல்லை. அங்கே விமானம் மாறி, இன்னும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இறங்கிய மறுநாளும் "காதுக்குள்ள இன்னும் இரையுது" என்பார்.

அடுத்த முறை பிள்ளைகள் வாங்கிக் கொடுப்பது நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். சில ஆயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டியும் விலை போகிறது. மாட்டியவுடன் விமானமே ஊமையாகிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே ஒரு வகை இரைச்சலிடம்தான் அதன் கெட்டிக்காரத்தனம் செல்லும். நல்லவேளையாக, விமானத்தில் மிகுதியாக இருப்பது அந்த வகைதான்.

உயரத்தில் சீராகப் பறக்கும் ஜெட் விமானத்தின் உள்ளே சத்தம் பொதுவாக 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். எல்லாப் பழியையும் எஞ்சின்மேல் போடுகிறோம். ஆனால் மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் விமானத்தின் உடம்பை உரசிக்கொண்டு ஓடும் காற்றுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஜன்னலோர இருக்கையில் அந்த 'உஸ்' கூடுதலாகக் கேட்பது இதனால்தான். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கடைசி வரிசைகளில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தின் கதை வேறு. ஆறு இதழ் கொண்ட அதன் விசிறி நொடிக்குப் பதினாறு சுற்று சுற்றும்போது, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் ஒரே சுருதியாக ரீங்காரம் பிறக்கிறது.

இந்தத் தாழ்ந்த, மாறாத இரைச்சல்தான் ஹெட்போனுக்கு வாகான எதிரி. ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. ஹெட்போனில் உள்ள சிறு மைக் வெளி இரைச்சலைக் கேட்கிறது; உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர்மாறான அலையைக் கணக்கிட்டு ஒலிபெருக்கி வழியாக விடுகிறது. இரைச்சல் ஏறும் இடத்தில் இது இறங்கும், இறங்கும் இடத்தில் ஏறும். இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. வளவில் ஆடும் ஊஞ்சலை ஒருவர் தள்ள, சரியான கணத்தில் இன்னொருவர் அதே பலத்தோடு எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் அது நின்றுவிடும். கணம் தப்பினால் இன்னும் வேகமாக ஆடும்.

கணம் தப்பாமல் இருப்பதுதான் பெரிய பாடு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. சில்லுக்கு அது தாராளம். 5,000 ஹெர்ட்ஸில் ஒரு அலையே நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். அதில் பாதி நேரம் தாமதமானால்கூட எதிரலை துணையலையாகி, சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை மின்னணு வித்தை அதிகம் தொடுவதில்லை. அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றி அழுந்தும் மெத்தைதான். முன் வரிசையில் வீறிட்டு அழும் குழந்தையின் குரல் பெரிதும் இந்த உயர் அலைவரிசையில்தான் வருகிறது. குழந்தை அழுகையை நிறுத்தும் கருவி என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம்.

இந்த எண்ணம் புதிதல்ல. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைச் செய்துகாட்டும் வேகம் அன்றைய மின்னணுவியலுக்கு இல்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியதும், பின்னர் ஜுபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தை நடத்தியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். பயணிகள் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்த விமான நிறுவனங்கள் இருந்த காலம் அது.

1978இல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன வங்காளி விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட இரைச்சலே அதிகம் கேட்க, ஊர் போய்ச் சேர்வதற்குள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார். 1986இல் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் ஒன்பது நாள் பறந்த இருவரும் அவர் நிறுவிய போஸ் நிறுவனத்தின் சோதனைக் கருவிகளை அணிந்திருந்தார்கள். 1989இல் விமானிகளுக்கான கருவி கடைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் ஹெட்போன் சாதாரணப் பயணி கையில் கிடைக்க 2000 ஆயிற்று.

காதுக்கு உண்மையான நன்மை எங்கே இருக்கிறது? 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷின் பரிந்துரை. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான். எப்போதோ பறக்கிறவரின் காதை விமான இரைச்சல் மட்டும் கெடுத்துவிடுவதில்லை. அந்த இரைச்சலை மீறிப் படத்தின் வசனம் கேட்க வேண்டுமென்று சத்தத்தை ஏற்றுகிறோமே, அதுதான் கெடுக்கிறது. பின்னணி 20 டெசிபல் குறைந்தால் பாட்டைப் பாதி அளவில் வைத்தே கேட்கலாம். பாட்டே போடாமல் கருவியை மட்டும் ஓடவிட்டுத் தூங்குவது என் கணக்கில் அதன் ஆகச் சிறந்த பயன்.

ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் காதடைப்புக்கு இது மருந்தல்ல. அது சத்தத்தால் வருவதல்ல. செவிப்பறைக்கு இரு பக்கமும் காற்றழுத்தம் மாறுபடுவதால் வருவது. மிட்டாயைச் சப்பி எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது என்ற பழைய வழிகள்தான் அதற்கு.

வாங்கும்போது ஒரு பொறி உண்டு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்பட்ஸ் பலவற்றின் பெட்டியில் 'ஈ.என்.சி.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நாம் போனில் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனைக்குப் போகாமல் தடுக்கும் வசதி அது. நம் காதுக்கு அதனால் பயனில்லை. தேட வேண்டியது 'ஏ.என்.சி.'

அடுத்தது பேட்டரி. காதை முழுதாக மூடும் வகை ஒரே சார்ஜில் இருபது, முப்பது மணி நேரம் தாங்கும். இயர்பட்ஸ் ஐந்திலிருந்து எட்டு. அமெரிக்கப் பயணத்துக்கு முதல் வகைதான் சரி. இவற்றுக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. காரைக்குடியின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான 'செக்ரி'யில் நெடுங்காலமாக ஆராய்ச்சி நடக்கும் துறைகளில் அதுவும் ஒன்று. அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அதே அழகப்பர்தான். இதே வகைப் பேட்டரி உள்ள பவர் பேங்கை, விமானத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

திருச்சி–சிங்கப்பூர் ஸ்கூட் விமானத்தில் இருக்கைக்கு முன் திரை கிடையாது. படத்தைப் போனிலேயே இறக்கிக்கொண்டு ஏறுங்கள். திரை உள்ள விமானங்களில் பலவற்றுக்குப் புளூடூத் இருக்காது, ஒயர் தேவைப்படும். கேட்புக் கருவி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதன்மேல் ஹெட்போனை வைத்தால் சில சமயம் 'கீ' என்று ஊளையிடும். வாங்குமுன் கடையிலேயே மாட்டிப் பார்ப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூர் போய் வருகிறவர் இருபத்தைந்தாயிரம் செலவழிக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். சொற்ப விலைக்குக் கிடைக்கும் நுரை இயர்பிளக்கை நன்றாக உருட்டி, காதுக்குள் சரியாகச் செருகினால், அந்த நான்கு மணி நேரத்துக்கு அதுவே போதும்.