இலைச்சுவரை அளத்தல்: ஜேர்மனியப் பழத்தோட்டங்களில் இலத்திரனியல் உணரிகள்

ஹம்பேர்க் நகருக்கு மேற்கே, எல்பே ஆற்றின் தென்கரையோரமாக அல்தெஸ் லான்ட் என்னும் தாழ்நிலம் நீண்டு கிடக்கின்றது. 12ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஒல்லாந்தக் குடியேறிகள் வாய்க்கால் வெட்டி, சதுப்புநீரை வடித்து, அதனை விளைநிலமாக்கினர். இன்று கீழ் எல்பேப் பகுதியில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேயர் நிலத்தில் பழமரங்கள் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை அப்பிள். பழைய வடிகால்கள் இன்றும் தோட்டங்களை ஊடறுத்து ஓடுகின்றன. ஈரமான வடகடற் காலநிலையோ அப்பிளின் சொறிநோய்க்கு உகந்தது. எனவே ஒரு பருவத்திற்குள் பல தடவை பங்கசுநாசினி தெளிக்க வேண்டியுள்ளது. காற்றுவிசைத் தெளிப்பான் வீசும் துளிகளுள் இலையிற் படியாதவை மண்ணிலும் அடுத்துள்ள வாய்க்காலிலும் விழும். மரத்தில் இலை எங்கே உள்ளது, எவ்வளவு உள்ளது என்னும் வினா ஆதலால் இங்கே தாவரவியலார்க்கு மட்டும் உரியதன்று. நீரைக் காப்போர்க்கும் உரியது. இப்பகுதியில் பயிர்பாதுகாப்பு மருந்துகளைப் பயன்படுத்துதற்கென்றே ஜேர்மனியக் கூட்டரசு 2015ஆம் ஆண்டில் தனி ஒழுங்குவிதி ஒன்றை வகுத்தது.

மரத்தின் அளவை மருந்தின் அளவோடு பிணைப்பது புதிய எண்ணமன்று. ஜேர்மனியில் நெடுங்காலமாக மருந்தின் அளவு 'முடியுயரம் ஒரு மீற்றருக்கு, ஒரு ஹெக்டேயருக்கு இவ்வளவு' எனக் குறிக்கப்பட்டு வந்தது. அண்மைக்காலத்தில் இலைச்சுவர்ப் பரப்பு என்னும் அளவு அதனருகே இடம்பெற்றுள்ளது. வரிசைகளுக்கிடையே 3.5 மீற்றர் தூரமும், இலை நிறைந்த பகுதிக்கு 3 மீற்றர் உயரமும் உள்ள தோட்டத்தைக் கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் வரிசைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,857 மீற்றர். வரிசைக்கு இரு பக்கம். எனவே இலைச்சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 17,143 சதுர மீற்றர். அகலத்தையும் சேர்த்தால் கன அளவு கிடைக்கும்: அகலம் 1 மீற்றராயின் 8,571 கன மீற்றர். கணக்கு எளியது. ஆனால் அது மரவரிசையை ஓட்டையற்ற செங்கற்சுவராகக் கருதுகின்றது. பட்டுப்போன மரத்தின் வெற்றிடமும், கத்தரித்த கிளையின் இடைவெளியும், இளங்கன்று நட்ட இடமும் அக்கணக்கில் இல்லை.

சொல்லைப் பற்றியும் இங்கு ஒன்று கூறவேண்டும். மரத்தின் தழைத்தொகுதியை இன்றைய தமிழ் நூல்கள் பல 'விதானம்' என்கின்றன. விதானம் தலைக்கு மேலே விரிவது. குட்டையாக்கும் வேர்த்தண்டில் ஒட்டி, கம்பியிற் கட்டி, நெருக்கி நட்ட வடஜேர்மனிய அப்பிள் தலைக்கு மேலே எதனையும் விரிப்பதில்லை, பக்கவாட்டில் நிற்கின்றது. ஜேர்மன் மொழி அதனை 'இலைச்சுவர்' என்பது காட்சிக்கு இயைந்த பெயர். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் வைரம் புறத்ததா அகத்ததா என்பதுகொண்டு பிரித்து, உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் வகுத்தது. அத்தகைய நுட்பம் உடைய மொழி, தழைத்தொகுதியின் எல்லா வடிவத்துக்கும் ஒரே சொல்லை இட்டு நிறைவடைய வேண்டியதில்லை.

பழத்தோட்டத்திற்கு முதலில் வந்த இலத்திரனியற் கருவிகளுள் முதன்மையானது மீயொலி உணரி. 1980களிலேயே ஐக்கிய அமெரிக்காவில் இதனைத் தெளிப்பானிற் பொருத்திச் சோதித்தனர். ஒலித்துடிப்பு இலையிற் பட்டுத் திரும்பும் நேரம் தூரத்தைத் தருகின்றது. உழவு இயந்திரத்தின் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில உணரிகளை அமைத்தால் இலைச்சுவரின் புறவடிவம் கிடைக்கும். கருவி மலிவு; தூசிக்கும் ஈரத்துக்கும் எளிதில் அஞ்சாது. ஆயினும் ஒலிக்கற்றை கூம்பாக விரிவதால் சிறு இடைவெளிகள் அதற்குத் தெரிவதில்லை. ஒலியின் வேகமும் வெப்பநிலையோடு மாறும்: 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர், பின்னர் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.6 மீற்றர் கூடுதல். காலைக்குளிரிலிருந்து நண்பகலுக்குள் 20 பாகை ஏறினால், திருத்தம் செய்யாத கருவி ஒன்றரை மீற்றர்த் தூரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் பிழைக்கும்.

லேசர் அலகீட்டுக் கருவி இவ்விடத்தில் வேறுவகையானது. பொட்ஸ்டாமிலுள்ள லைப்னிட்ஸ் வேளாண் பொறியியல், உயிர்ப்பொருளியல் நிறுவனத்தின் ஆய்வாளர், நகரையடுத்த மார்குவார்ட் சோதனைத் தோட்டத்தில் இதனை அப்பிள் மரங்களில் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் பயன்படுத்திய கருவி வால்ட்கிர்க் நகரின் சிக் நிறுவனத்தது. 1946இல் எர்வின் சிக் தொடங்கிய அந்நிறுவனம் தொழிலாளியின் கையை இயந்திரத்திடமிருந்து காக்கும் ஒளித்திரைகளாற் பெயர்பெற்றது. தொழிற்சாலைக்கென வளர்ந்த நுட்பம் தோட்டத்துக்கு வந்தது தற்செயலன்று: தடை ஒன்று உள்ளதா, எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே ஈரிடத்தும் வினா.

கருவி கண்ணுக்குப் புலப்படாத ஒளித்துடிப்பை அனுப்புகின்றது. இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள இலையைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு செக்கனின் நூறு கோடியில் பதின்மூன்று பங்கே போதும். சுழலும் ஆடி அத்துடிப்பை மேலிருந்து கீழாகச் செலுத்துகின்றது. இயந்திரம் முன்னே நகர்கின்றது. செக்கனுக்கு 50 வீச்சு, நகர்வு செக்கனுக்கு ஒரு மீற்றர் எனின், இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டுமுகம் கிடைக்கும். செய்மதி நிலையறிதலும் சாய்வுணரியும் ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் உரிய இடத்திற் பொருத்த, மரவரிசை முழுவதும் புள்ளிகளின் முகிலாக உருவெடுக்கின்றது. அடிமரத்தின் இருப்பிடத்தை முதலிற் கண்டு, அதனைச் சுற்றியுள்ள புள்ளிகளை அம்மரத்துக்கு உரியனவாகப் பிரிப்பது பொட்ஸ்டாம் ஆய்வாளரின் வழி. காற்றில் இலை அசைந்தால் ஒரே இலை ஈரிடத்திற் பதியக்கூடும். முன்னிலைகள் மறைத்த உள்ளிலைகள் பதியாமலே போகவும் கூடும்.

புள்ளிகளிலிருந்து கன அளவைப் பெறுமிடத்திலேதான் கருத்து வேறுபாடு தொடங்குகின்றது. புறப்புள்ளிகளை இழுத்துக் கட்டிய உறைபோற் கணித்தால் கிளைகளுக்கிடையேயுள்ள வெறும் காற்றும் மரத்தின் கணக்கில் ஏறும். வெளியைச் சிறு கனசதுரங்களாக வகுத்து, புள்ளி விழுந்தவற்றை மட்டும் எண்ணினால் விடை கனசதுரத்தின் பருமனைப் பொறுத்து மாறும். ஆகவே முறையைக் கூறாமல் கன அளவை மட்டும் கூறும் அறிக்கைகளால் பயன் குறைவு.

அளவீட்டின் பயன் தெளிப்போடு முடிவதில்லை. ஒரு மரம் எத்தனை பழங்களை நன்கு வளர்க்கும் என்பது அதன் இலைப்பரப்பைப் பொறுத்தது. மிகையாகக் காய்த்த மரம் சிறுபழம் தருவதோடு மறு ஆண்டு பூக்கவும் தயங்கும். பொட்ஸ்டாம் ஆய்வில் திரும்பிய ஒளியின் செறிவு பழத்துக்கு இலையினும் மிகுதியாக இருந்தமையால், வடிவத்தோடு அச்செறிவையும் கொண்டு பழங்களைப் பிரித்தறிய முடிந்தது. மரத்துக்கு மரம் காயைக் களைவதற்கு இது வழி திறக்கின்றது.

எனினும் ஒரு சிக்கல் பொறியியலுக்கு வெளியே உள்ளது. கருவி 'இங்கு இலை குறைவு' என்கின்றது; மருந்தின் அனுமதிச் சீட்டோ தோட்டம் முழுவதற்கும் ஓரளவைக் கூறுகின்றது. வெற்றிடத்தில் தெளிமுனையை அடைப்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. இலை ஐதான மரத்துக்கு அளவைக் குறைத்து, நோய் பின்னர் பரவினால் பொறுப்பு யாருடையது? குறையளவு நோய்க்கிருமியின் எதிர்ப்பை வளர்க்கும் என்னும் அச்சமும் உண்டு. இவ்வினாக்கள் தீராதவரை உணரிகள் அளப்பதிற் சிறந்தும் ஆணையிடுவதிற் பின்தங்கியுமே இருக்கும்.

யாழ்ப்பாணத்திற்கு இக்கருவிகளை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. வளவில் தனித்து நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு வரிசையுமில்லை, சுவருமில்லை. அதற்கு உரியது மரத்தைச் சுற்றிவந்து எடுக்கும் கன அளவு. பந்தலிற் படரும் முந்திரிகைக் கொடியோ உண்மையான விதானம். உணரி அங்கே கீழிருந்து மேல்நோக்க வேண்டும். விலையைக் கருதின் மீயொலி உணரி இரண்டைப் பந்தலின் கீழே கைவண்டியில் நகர்த்துவதே தொடங்குதற்கு ஏற்றது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மண்ணில் விழுவது வாய்க்காலைத் தேடி ஓடுவதில்லை. கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது.